குட்டி ஆர்க்கிட்டுக்கு வேண்டியது குளிர்ந்த இரவு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

உள்ளங்கைக்குள் அடங்கும் மலை ஆர்க்கிட்டுகளை வீட்டுக்குள் வளர்ப்பது குறித்துத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இச்செடிகளைப் பற்றி எழுதுவோர் மிகக் குறைவு என்பதால் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துப் பத்திரப்படுத்தியும் வைத்திருக்கிறேன். ஆயினும், வெயில் நேரடியாக விழாத ஜன்னலோரமும் காலை மாலை நீர்த்தெளிப்பும் இருந்தால் எந்த ஊரிலும் இவற்றை வளர்த்துவிடலாம் என்ற பொருளில் அதில் எழுதப்பட்டிருந்தது எங்கள் பகுதி வாசகர்களை நஷ்டத்தில் கொண்டுபோய் விட்டுவிடும் என்று அஞ்சுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். இராமேசுவரம் தீவிலோ மண்டபத்திலோ கீழக்கரையிலோ தொண்டியிலோ குடியிருக்கும் ஒருவர் அந்தக் குறிப்பை நம்பிச் செடி வாங்கினால், இரண்டு மாதத்துக்குள் வெறும் தொட்டிதான் மிஞ்சும். பகல் வெயிலுக்குத் தப்பிக்கிற செடியையும் எங்கள் கடற்கரையின் இரவு கொன்றுவிடுகிறது.

நான் தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று வளர்த்து விற்பவன். இந்தத் தீவின் மணலில் வேர்விட்ட நாற்றுகள் தமிழகத்தின் பல மாவட்டங்களுக்கும் போகின்றன. செடி வளர்ப்பதே சோறு போடும் தொழிலாக இருந்தும், 2016ஆம் ஆண்டு நான் வாங்கிய முதல் மலை ஆர்க்கிட்டான மஸ்டிவேலியாவை ஏழு வாரத்துக்கு மேல் என்னால் காப்பாற்ற முடியவில்லை. வெளியூர் விற்பனையாளர் ஒருவரிடமிருந்து கூரியரில் வந்த அந்தச் செடி, நீரைப் பிடித்துவைக்கும் ஸ்பேக்னம் பாசி நிரப்பிய இரண்டு அங்குலத் தொட்டியில், சிறு கரண்டி போன்ற பதினொரு இலைகளுடன் செழிப்பாகவே இருந்தது. அவர் சொன்னபடி வடக்குப் பார்த்த ஜன்னலில் வைத்தேன், பாசியைக் காயவிடவில்லை. மூன்றாம் வாரம் ஓர் இலையின் அடிக்காம்பு பழுப்பாகிப் பின் கறுத்தது. இலை பச்சையாகவே இருந்தது. ஆனால் விரல் பட்டதும் கையோடு வந்துவிட்டது. அடுத்த வாரம் இரண்டு இலைகள், அதற்கடுத்த வாரம் நான்கு. கடைசியில் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது, வெண்ணூல் போல இருந்திருக்க வேண்டிய வேர்கள் குழைந்து கிடந்தன. இழுத்தால் மேலுறை உரிந்து உள்நரம்பு மட்டும் விரலில் தங்கியது. தண்ணீர் அதிகமாகிவிட்டது என்றார் விற்றவர். அவர் பேச்சைக் கேட்டு இரண்டாவது செடிக்குத் தண்ணீரைக் குறைத்தேன். அது இன்னும் விரைவாகப் போயிற்று. அதன்பிறகே, இரவில் எட்டிய மிகக் குறைந்த அளவைக் குறித்து வைத்துக் காட்டும் வெப்பமானி ஒன்றை வாங்கி அந்த ஜன்னலில் மாட்டி, மே மாதம் முழுவதும் காலைதோறும் குறித்துவந்தேன். முப்பத்தொரு இரவுகளில் ஒன்றில்கூட அது 27 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கவில்லை.

இந்தச் செடிகளைக் குளிர்நாட்டு ஆர்க்கிட் என்று அழைப்பதே குழப்பத்துக்கு இடம்கொடுக்கிறது. மஸ்டிவேலியா, டிராகுலா, லெபாந்தஸ் ஆகிய இனங்கள் பெரும்பாலும் ஆண்டிஸ் மலைத்தொடரிலும் அதையொட்டிய மத்திய அமெரிக்க மலைகளிலும், மேகம் தவழும் காடுகளில், மரக்கிளைப் பாசியைப் பற்றிக்கொண்டு வாழ்பவை. டென்ட்ரோபியம் கத்பர்ட்சோனி என்ற குட்டி ஆர்க்கிட் நியூகினித் தீவின் உயர்மலைகளில், பெரும்பாலும் 2000 மீட்டருக்கு மேலே வளர்வது. உலகப் படத்தில் தேடினால் இந்த இடங்கள் நிலநடுக்கோட்டை ஒட்டியே இருக்கும். நம் ஊர்ச் செடிகளின் பங்காளிகள் போலவே தோன்றும். ஆனால் ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ ஆறு டிகிரி குறைந்துகொண்டே போவதால், அங்கே பகல் இருபதை ஒட்டியும் இரவு பத்து முதல் பதினான்கு வரையிலும் இருக்கும். உறைபனியும் இல்லை, கோடையும் இல்லை. ஆண்டு முழுவதும் அதே இளங்குளிர்தான். கொடைக்கானலில் விடியற்காலையில் போர்வையோடு வெளியே வந்து நின்றவர்களுக்கு அந்தக் குளிர் புரியும்.

குளிர்ந்த இரவு ஏன் அத்தனை இன்றியமையாதது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. செடி பகலில் ஒளியைக் கொண்டு சர்க்கரை தயாரிக்கிறது. இரவில் சுவாசிப்பதற்காக அதில் ஒரு பகுதியைச் செலவழிக்கிறது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் சுவாசம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது தாவரவியலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பதின்மூன்று டிகிரி இரவுக்குப் பழகிய செடியை இருபத்தெட்டு டிகிரியில் வைத்தால், பகலில் சம்பாதித்ததையெல்லாம் இரவில் தின்று தீர்த்துவிட்டு மறுநாள் கடனோடு விடிகிறது. மஸ்டிவேலியாவுக்கு மற்றப் பல ஆர்க்கிட்டுகளைப் போல நீரையும் உணவையும் சேர்த்து வைக்கும் பருத்த தண்டு கிடையாது. சேமிப்பே இல்லாத குடும்பம் எத்தனை நாள் தாங்கும்? ஈரத்தோடு வெப்பமும் சேர்ந்தால் வேரழுகல் கிருமிகளும் பெருகுவதால், விற்றவர் கண்ணுக்கு அது தண்ணீர்க் குற்றமாகத் தெரிந்திருக்கிறது.

மதுரையிலிருந்து வரும் உறவினர்கள் எங்கள் ஊரில் வெயில் குறைவு என்பார்கள்; அது உண்மையே. கோடையில் மதுரை நாற்பதைத் தொடும் நாட்களில் பாம்பன் முப்பத்திரண்டு, முப்பத்துமூன்றோடு நின்றுவிடும். ஆனால் பகலில் எங்களைக் காக்கும் அதே கடல்தான் இரவில் வெப்பத்தைக் கைவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. எங்களுக்குப் பகலுக்கும் இரவுக்கும் இடையே ஐந்தாறு டிகிரிதான் வேறுபாடு. தை மாதத்து இரவில்கூடப் பாம்பனில் வெப்பநிலை 23, 24 டிகிரியை ஒட்டியே நிற்கும். மல்லிகைக்கு இது சொர்க்கம். ஆண்டிஸ் மலையின் செடிக்கு ஆண்டில் ஓர் இரவுகூட ஓய்வு கிடைப்பதில்லை.

வெப்பமண்டலச் செடி என்றால் வெப்பம்தான் வேண்டும் என்ற தவறான எண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் உலகெங்கிலுமிருந்து கப்பலில் கொண்டுபோன ஆர்க்கிட்டுகளை, மலைச்செடி கரைச்செடி என்று பாராமல், கரியடுப்பால் சூடேற்றிக் காற்றே புகாமல் மூடிய கண்ணாடி வீடுகளில் அடைத்து ஆயிரக்கணக்கில் சாகவிட்டார்கள். இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த் தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் போன்றோர் ஜன்னலைத் திறந்து காற்றை விட்டு, சூட்டையும் குறைத்த பிறகுதான் நிலைமை மாறியது. அவர்கள் அடுப்பை அணைத்தால் போதுமாயிருந்தது. நாமோ குளிரை விலை கொடுத்து உண்டாக்க வேண்டும்.

ஈரச் சாக்கைத் தொங்கவிடுவது, மண்பானைக்குள் பானை வைத்து இடையில் மணலை நனைப்பது ஆகிய வழிகளைப் பலரும் சொல்வார்கள். நானும் ஒரு கோடை முழுவதும் செய்து பார்த்தேன். நீர் ஆவியானால்தான் குளிரும். காற்று வறண்டிருந்தால்தான் நீர் ஆவியாகும். மதுரையில் இது ஓரளவு பலிக்கலாம். ஈரக்காற்று வீசும் எங்கள் கரையில் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் இறக்க முடியவில்லை. படுக்கையறை ஏசியை நம்புவோரும் உண்டு. 24 டிகிரியில் ஓடும் ஏசி மனிதருக்குப் போதும். இந்தச் செடிகளுக்குப் போதாது. தவிர ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் மெல்லிய இலைகள் நுனியிலிருந்து கருகும்.

எனக்குக் கைகொடுத்தது ஒரு பழைய ஃப்ரிட்ஜ். பெட்டிக்கடைகளில் குளிர்பானம் வைப்பதற்காக முன்பக்கம் கண்ணாடிக் கதவோடு வருமே, அதுதான். அதன் உள்ளே இருந்த தெர்மோஸ்டாட்டை நீக்கிவிட்டு, பகலுக்கும் இரவுக்கும் தனித்தனி அளவு வைக்கக்கூடிய டிஜிட்டல் தெர்மோஸ்டாட் ஒன்றை மெக்கானிக்கைக் கொண்டு பொருத்தினேன். பகலில் 21, இரவில் 13. வெப்பத்தை உணரும் முனையைச் சுவரில் ஒட்டாமல் செடிகளுக்கு நடுவே தொங்கவிட வேண்டும்; குளிர்க்குழாய் ஓடும் பின்சுவருக்கும் கதவுக்கும் நான்கு டிகிரி வேறுபாடு இருப்பதை நானே அளந்து பார்த்திருக்கிறேன். எல்இடி விளக்குகள் பன்னிரண்டு மணி நேரம் எரிகின்றன. அவற்றுக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் என்ற பெட்டியை வெளியே வைத்துவிட்டேன், ஏனெனில் அதிலிருந்தும் சூடு கிளம்புகிறது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சிறு மின்விசிறி ஒன்று இரவும் பகலும் சுழன்றுகொண்டே இருக்கும். காற்று நின்றால் இலை இடுக்கில் தேங்கும் ஒரு சொட்டு நீரே செடியை அழுகவைக்கப் போதுமானது. குளிர்க்குழாய் உள்ளிருக்கும் ஈரத்தையெல்லாம் பனியாக்கித் தன்மேல் படியவைத்துக்கொள்வதால், பனிமூட்டம் எழுப்பும் சிறு கருவி ஒன்று மணிக்குப் பத்து நிமிடம் ஓடுகிறது.

இத்தனையும் உள்ளே நடப்பவை. எங்கள் ஊருக்கே உரிய தொல்லை வெளியே இருந்தது. கடற்கரைக் காற்றில் ஈரம் மிகுதியாதலால், கோடையில் 24, 25 டிகிரியைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படிந்துவிடும். முதல் வாரத்தில் கதவின் வெளிக்கண்ணாடி முழுவதும் வியர்த்து, தாரை தாரையாக வழிந்து, காலையில் அறைத்தரையில் கால் வைக்க முடியாதபடி குளம் கட்டியது. இரட்டைக் கண்ணாடி போட்டு இடையே காற்றை அடைத்த பின்பே அது நின்றது. உப்புக்காற்று இன்னொரு பகைவன்; பின்புறத்துக் குழாய்களில் துரு ஏறி ஒருமுறை வாயு கசிந்துவிட்டது. இப்போது மாதம் இருமுறை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் லேசாக எண்ணெய் தடவிவிடுகிறேன்.

தண்ணீரைப் பற்றியும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். என் கிணற்று நீர் குடிப்பதற்குச் சுவையானது. மல்லிகை அதில்தான் வளர்கிறது. ஆனால் நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை முக்கினால் 600க்கு மேல் காட்டுகிறது. மேகநீரும் பனித்துளியுமே குடித்துப் பழகிய இச்செடிகளுக்கு 100க்குக் கீழே இருப்பது நல்லது. ஆர்ஓ நீர் உதவும். அதைவிட மழைநீர் உதவும். ஐப்பசி, கார்த்திகை மழையை மாடியிலிருந்து பிடித்து, மூடிய தொட்டியில் ஆண்டு முழுவதற்கும் சேமித்துக்கொள்கிறேன். கடலோரத்தில் இருப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: முதல் இரண்டு மழையை ஓடவிட்டுவிட வேண்டும். கோடை முழுவதும் மாடித்தரையில் படிந்த கடலுப்பு அந்த நீரில் கரைந்து வரும். இது தெரியாமல் நான் முதல் மழையையே பிடித்துவைத்த ஆண்டில் நான்கு செடிகளின் இலைநுனி கருகியது.

மின்தடை எல்லோரும் அஞ்சும் விஷயம். 2020 டிசம்பரில் புரெவி புயல் வலுவிழந்து மன்னார் வளைகுடாவில் எங்கள் கரையருகே நின்றபோது எங்கள் தெருவில் நெடுநேரம் மின்சாரம் இல்லை. அன்று என் செடிகளைக் காத்தது மீன்பிடித் தொழில். கடலுக்குப் போகும் படகுகளுக்காக ஐஸ் கம்பெனியில் உறையவைக்கும் ஐஸ் பாரில் ஒரு துண்டை உடைத்து வாங்கி, நெகிழிப் பைகளில் கட்டி மேல்தட்டில் வைத்தேன். குளிர்ந்த காற்று தானே கீழிறங்கியது. பிடித்த மீனைக் கெடாமல் கரைசேர்க்கும் ஐஸ், மலைப் பூவையும் காப்பாற்றும் என்பதை மீனவ நண்பர்கள்தாம் எனக்குக் காட்டிக்கொடுத்தார்கள்.

இத்தனை பாடும் எதற்கு என்று கேட்பவர்களை அந்தக் கண்ணாடிக் கதவின் முன் உட்காரவைத்து, கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்ணில் வைக்கும் லென்சைக் கையில் கொடுக்கிறேன். லெபாந்தஸின் இலை வேப்பிலையில் பாதிகூட இராது. அந்த இலையின்மேல் தலைமயிர் போன்ற காம்பில் மிளகளவே ஒரு பூ படுத்திருக்கும். வெறுங்கண்ணுக்கு அது ஒரு செம்புள்ளி. லென்சில் பார்த்தால், கண்ணாடித்தாள் போன்ற மூன்று வெளியிதழ்களும், அவற்றின் நடுவே குறுக்காக விரிந்த செம்மஞ்சள் உள்ளிதழ்களும், பூவின் நடுத்தூணை இரு கைகளால் அணைத்தாற்போன்ற உதடும் துலக்கமாகத் தெரியும். கொசுவினும் சிறிய ஆண்பூச்சி ஒன்று இதைத் தன் துணை என்றே நம்பி வந்து மகரந்தத்தைச் சுமந்துபோவது சில லெபாந்தஸ் இனங்களில் கண்டறியப்பட்டிருக்கிறது. டென்ட்ரோபியம் கத்பர்ட்சோனியின் இலைகளில் பனித்துளி உறைந்தாற்போல நுண்பருக்கள் மின்னும். செடியின் உயரம் இரண்டு விரற்கடை, அதன்மேல் விரியும் பூவோ செடியையே மறைத்துவிடும். ஆடியில் மலர்ந்த ஒரு பூ என்னிடம் தை வரை வாடாமல் இருந்தது. அதிகாலையில் மொட்டுப் பறித்து, மாலையில் விரிந்து, மறுநாள் குப்பைக்குப் போகும் பூவோடு வாழ்நாளெல்லாம் புழங்கிய என் தாயார், அந்தப் பூவை ஒவ்வொரு நாளும் வந்து பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பார்.

இந்த ஆசை காட்டைக் கொள்ளையடிப்பதில் போய் முடியக்கூடாது என்பதும் எனக்குப் பெருங்கவலை. மலையூர்ச் சாலையோரங்களில் மரப்பட்டையோடு உரித்தெடுத்த ஆர்க்கிட்டுகளைக் கட்டுக்கட்டாக விற்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். மரத்தில் ஒட்டியிருப்பதால் அவற்றைப் புல்லுருவி என்று எண்ணி, எடுத்தால் மரத்துக்கு நல்லது என்றுகூடச் சிலர் சொல்கிறார்கள். புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் மரத்தில் இடம் மட்டுமே கேட்கிறது, உணவை மழையிலும் காற்றிலும் படியும் தூசியிலும் தேடிக்கொள்கிறது. அகத்தியமலைக்கே உரிய பாபியோபெடிலம் துருயி என்ற பொன்னிற ஆர்க்கிட், ஆசைப்பட்டவர்கள் அள்ளிக்கொண்டு போனதாலேயே பெரிதும் அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டது. எல்லா ஆர்க்கிட்டுகளும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமான சைட்டிஸ் பட்டியலில் உள்ளன. காட்டிலிருந்து எடுக்க வேண்டிய தேவையும் இல்லை: ஆர்க்கிட்டின் தூசி போன்ற விதையில் உணவு இருப்பு இல்லாததால் காட்டில் பூஞ்சையின் துணையோடுதான் முளைக்கும் என்றாலும், சர்க்கரை கலந்த வளர்ப்பு ஊடகத்தில் பூஞ்சையின்றியே அதை முளைக்கவைக்கலாம் என்று அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் 1922இல் காட்டிவிட்டார். இன்று நல்ல நாற்றங்கால்கள் எல்லாம் குடுவையில் வளர்த்த கன்றுகளையே விற்கின்றன. நம் மலை ஆர்க்கிட்டுகளைக் காண விரும்புவோர் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் நடத்தும் தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போய்வரலாம்.

குளிர்பெட்டிக்கு வசதியில்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. கரீபியன் தீவுகளின் புதர்க்கிளைகளில் கடற்காற்றோடு வளரும் டோலும்னியா, விரல் நீள இலைவிசிறியோடு எங்கள் இரவுகளையும் பொறுத்துக்கொள்கிறது. பாசியின்றிக் கட்டையில் கட்டிவிட்டு, வேர் வெளிறிக் காய்ந்தபின் நீர்விட்டால் போதும். தமிழகச் சமவெளியின் மரங்களிலேயே இயல்பாக வளரும் வாண்டா டெஸ்ஸலேட்டாவின் வாசனைக்கு ஈடு சொல்ல முடியாது. அதையும் நாற்றங்காலிலிருந்தே வாங்க வேண்டும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் குட்டி பெலனாப்சிஸ் இலைவிட்டுச் செழிக்கும்; ஆனால் 28 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்திலேயே இருந்தால் பூங்காம்பு விடாது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. தோட்டக்கலைப் பக்கத்தில் இனி எந்த ஆர்க்கிட்டைப் பற்றி எழுதினாலும், அதன் பெயருக்குப் பக்கத்திலேயே அதற்குத் தேவையான இரவு வெப்பநிலையை அச்சிடுங்கள். செடி விற்போரும் தொட்டியில் செருகும் அட்டையில் இரவு வெப்பநிலையையும், அது நாற்றங்காலில் பெருக்கியதா காட்டில் எடுத்ததா என்பதையும் எழுதட்டும். இரண்டே வரிகள், பேனாவால் எழுதினாலும் போதும். என் நாற்றங்காலிலிருந்து போகும் ஒவ்வொரு மல்லிகைக் கட்டிலும் வேரெடுத்த தேதியை நான் எழுதித்தான் அனுப்புகிறேன். அதைப் பார்த்து வாங்குபவர்கள் நடுவதா பொறுப்பதா என்று தாங்களே முடிவு செய்துகொள்கிறார்கள். நானூறு ரூபாய் கொடுத்து ஆண்டிஸ் மலைச்செடி வாங்கும் கீழக்கரைக்காரருக்கும் அந்த உரிமை உண்டு.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தங்கச்சிமடம்,
இராமநாதபுரம் மாவட்டம்.